பத்தாவது கையெழுத்து

எங்கள் கல்லூரியில் சேர்வதற்கு ஒரு கையெழுத்து போதும். விட்டுப் போவதற்குத்தான் பத்து வேண்டும். நூலகம், ஆய்வகம், விடுதி, விளையாட்டு என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, 'இவரிடம் எங்கள் பொருள் எதுவும் இல்லை' என்று ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி வந்தால்தான் டி.சி. கொடுப்பார்கள். அதில் பத்தாவது கட்டம் மாணவர் ஆலோசனை மையம். அந்த மையம் வேறு யாருமில்லை, நான்தான். தமிழ்த் துறை கௌரவ விரிவுரையாளர் விஜயலட்சுமி. பழைய விளையாட்டுச் சாமான் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் துருப்பிடித்த ஈட்டிகள் நான்கு. மனசு உடைந்து வருகிற பிள்ளையை ஈட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தேற்ற வேண்டுமாம். என்ன நியாயமோ!

கஷ்டம் என்று சொல்லிக்கொண்டு யாரும் வந்ததில்லை. ஒன்பது கையெழுத்தும் முடிந்த பிறகு, பத்தாவதுக்கு மட்டும் வருவார்கள். முதல் வருடம் நானும் கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுத் தள்ளினேன். களமருதூரிலிருந்து வந்த ஜெயப்பிரகாஷ் என்ற பையனுக்குக் கைப்பேசியில் பேசிக்கொண்டே போட்டேன். அவன் ஃபாரத்தை வாங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு "வரேன் மேடம்" என்று போய்விட்டான். ஏன் நின்றான்? அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன். அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து வந்த அன்றைக்கே நான் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. பேனா எழுதவில்லை என்பேன், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். கண்ணாடி மூக்கிலேயே இருக்கும். பொய்தான், இருக்கட்டும்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு வியாழக்கிழமை, நான் கதவைப் பூட்டும்போது தேவதர்ஷினி வந்து நின்றாள். கணக்கு இரண்டாம் வருடம். கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் ஒன்பது கையெழுத்தோடு ஃபாரம்.

"நாளைக்கு வாம்மா."

"நாளைக்கு காலைல அஞ்சு மணிக்கு வேன் வந்துடும் மேடம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. எல்லா கையெழுத்தும் ஆன ஃபாரத்த காட்டினாதான் ஏத்திக்குவேன்னு ஏஜென்ட் சொல்லிட்டாரு. டி.சி. அப்பறமா வந்து வாங்கிக்கலாமாம்."

"வீட்டில் சொல்லிட்டியா?"

"காலேஜ்லேர்ந்து ட்ரெயினிங்னு சொல்லிகீறன்."

அப்படியானால் இந்தக் கட்டத்தில் நான் கிறுக்கினால் விடிவதற்குள் இந்தப் பெண் வேனில் இருப்பாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வழியில் பார்க்கலாம்" என்று நடந்தேன். அவளும் விடவில்லை, பின்னாலேயே வந்தாள்.

நாங்கள் இருவரும் ஏறுவது ஒரே பஸ்தான், கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகிற நாலு மணி வண்டி. நான் கச்சிராயபாளையத்தில் இறங்குவேன். அவள் கோமுகி அணைக்குக் கொஞ்சம் முன்னால். ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் அவள்.

"மேடம், ஒரே ஒரு கையெழுத்து."

"வண்டி ஆடுது. கோணலா வந்தா செல்லாதுன்னுடுவாங்க. இறங்கும்போது போடறேன்."

அவள் ஃபாரத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. கரும்புக் காடுகள் பச்சைத் தண்ணீர் மாதிரி அசைந்தன. ஊரைத் தாண்டவில்லை, அவள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. அப்படி ஒரு தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. பல வாரம் தூங்காதவர்கள்தான் அப்படித் தூங்குவார்கள்.

கச்சிராயபாளையம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்த்தார். "இன்னா மேடம், வூட்ட மறந்துட்டீங்களா?"

"சும்மா இருங்க. வெள்ளிமலைக்கு ரெண்டு டிக்கெட் கொடுங்க."

"அங்க இன்னா வேல?"

"ஒண்ணுமில்ல. பொண்ணு தூங்குது."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விசிலைக்கூட மெல்ல ஊதினார்.

மலை ஏறினால் சிக்னல் போய்விடும். ஃபாரத்தில் இருந்த அவளுடைய அப்பா ராசுவின் எண்ணுக்கு அழைத்தேன். "உங்க பொண்ணு என்கூட இருக்கா. இதே பஸ் திரும்பி வரும்போது வந்துடுவோம், ஏழரை ஆகும்" என்றேன். "நல்லாக்கீதுங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். நல்லாயிருக்கா என்று சொல்லி வைத்தேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, கீழே இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அணைத் தண்ணீர் ஒரு முறை மின்னிவிட்டுப் போனது. பிறகு மேகம் உள்ளே வந்தது. நிஜமாகவே ஜன்னல் வழியாக வந்து, கம்பியைத் தடவி, முன்சீட்டுக்காரரின் தலைப்பாகையில் தங்கியது. பஸ் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. கடுக்காய் மூட்டையின் வாசனை வந்தது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று என்னையே கேட்டேன். ஒரு பிள்ளையைத் தூங்க விடுகிறேன். மூன்று வருடத்தில் இந்த ஆலோசனை மையம் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று பட்டது.

வெள்ளிமலையில் என்ஜின் நின்றதும் விழித்தாள். வெளியே பார்த்தாள், வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

"எங்க மேடம் கீறோம்?"

"மேகத்துக்குள்ள. இறங்கு, டீ குடிப்போம்."

அவளுக்குக் கோபம் வந்தது. "ஏன் மேடம் எழுப்பல? அப்பா தேடுமே!"

"சொல்லிட்டேன்."

"இன்னான்னு சொன்னீங்க?"

"என்கூட இருக்கான்னு. வேற ஒண்ணும் சொல்லல."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டடிக்கு அப்பால் ஆட்கள் குரலாக மட்டும் இருந்தார்கள். யாரோ மாட்டைத் திட்டிக்கொண்டு போனார்கள், மாட்டின் மணி மட்டும் கேட்டது. டம்ளரைச் சுற்றி அவள் விரல்கள் தெரிந்தன, முகம் பாதிதான் தெரிந்தது. முகம் தெரியாத இடத்தில் பேசுவது சுலபம் போலிருக்கிறது. நான் முதலில் பேசினேன். ஜெயப்பிரகாஷைப் பற்றி. அவன் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி. "அவன்கிட்ட கேட்காததை உன்கிட்ட கேட்கிறேன். ஏன் போற?"

டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னாள். "நாலு பேப்பர் போச்சு மேடம்."

"அரியர்தானே? ஏப்ரல்ல எழுதலாம். படிப்பு முடிஞ்சும் எழுதலாம். உங்க துறையிலேயே சனிக்கிழமை தனி வகுப்பு வைக்கிறாங்க..."

"அதெல்லாம் தெரியும் மேடம்." எரிச்சலாகச் சொன்னாள். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. "நான் காலேஜ் சேந்தப்ப தெருத் திருவிழாவுக்கு பேனர் வச்சாங்க. என் போட்டோ போட்டு, 'எங்கள் தெருவின் முதல் பட்டதாரி'ன்னு."

"சேர்ந்தப்பவேவா?"

"ஆமா. சேந்த அன்னிக்கே பட்டதாரி ஆக்கிட்டாங்க." சிரித்தாள், அது சிரிப்பு மாதிரி இல்லை. "திருவிழா முடிஞ்சதும் அப்பா அத்த அவுத்தாந்து, வூட்டோரமா நான் படுக்கிற சாய்ப்புக்கு மேல கூரையா போட்டுச்சு. ஒழுவுதுன்னு. எழுத்து வெளிய இருந்தா பரவால்ல. உள்பக்கமா போட்டுச்சு. படுத்தா நேரா என் மூஞ்சி. கண்ண மூடினாலும் தெரியுது. அந்த மேல கீறவ பாஸ் பண்ணிட்டா மேடம். கீழ படுத்துகினு கீறவதான் ஃபெயிலு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது, மேகமா கண்ணீரா என்று பார்க்கவில்லை.

பஸ் மலை இறங்கும்போது ஃபாரத்தை என் மடியில் வைத்தாள். "போடறன்னீங்க."

பேனாவைத் திறந்தேன். கட்டத்தின் மேல் முனையை வைத்தேன். போட மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. "உங்க அப்பாகிட்ட நாலு பேப்பர்னு சொல்லு. சொல்லிட்டு அப்பவும் கேட்டா, அங்கேயே போடறேன். சத்தியம்" என்றேன்.

நிறுத்தத்தில் ராசு டார்ச்சோடு நின்றிருந்தார். கரும்பு வெட்டுகிறவர். பக்கத்தில் அவர் மனைவி செல்லியம்மாள், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. பஸ் போய்விட்டது. நான்கு பேரும் தூறலில் நின்றோம்.

"அப்பா, நான் நாலு பேப்பர்ல ஃபெயிலு."

ராசு என்னைப் பார்த்தார். பிறகு அவளை. "மொத்தம் எத்தினி?"

"பன்னெண்டு."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப எட்டு பாசா? எட்டுமா எழுதின?"

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். ட்ரெயினிங், வேன், பேனர் எல்லாம் அழுகையோடு அழுகையாக வெளியே வந்தது. "ஏம்பா அத்த உள்பக்கமா போட்ட? தெனம் அத்தப் படிச்சிகினே கெடக்கணுமா நானு?"

அவருக்கு விளங்கவே இல்லை. "படிக்கிறதா? அதுல இன்னா எழுதிக்கீதுன்னு எனுக்கு இன்னாம்மா தெரியும்? வெளிய போட்டா வெயில்ல உன் மூஞ்சி வெளுத்துடும்னு உள்ள போட்டேன்."

செல்லியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, "நிக்கிறியே, ஏறித் திருப்பிப் போடுய்யா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தூறலிலேயே ராசு கூரைமேல் ஏறினார். நான் டார்ச் பிடித்தேன். "விழுந்து கிழுந்து தொலைக்காத" என்று செல்லியம்மாள் கீழிருந்து திட்டிக்கொண்டே இருந்தாள். கயிற்றை அவிழ்த்து அவர் புரட்டியபோது, இரட்டைப் பின்னலோடு சிரிக்கிற ஒரு முகம் ஒரு நொடி டார்ச்சில் மிதந்து, வானத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. உள்ளே வெறும் வெள்ளை. வெள்ளிமலையில் பார்த்த மேகம் மாதிரியே இருந்தது.

ஃபாரத்தை அவள் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என் பையோடு வந்துவிட்டது. ராசு தன் மொபெட்டில் என்னை வீட்டில் விட்டார்.

எனக்குத்தான் அன்று தூக்கமில்லை. அஞ்சு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். ஏஜென்ட் ஃபாரமே வேண்டாம் என்று ஏற்றிக்கொண்டிருந்தால்? காலையில் கல்லூரிக்குப் போனதும் கணக்குத் துறைப் பக்கம் போகத் துணிச்சல் வரவில்லை. ஈட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு மணிக்குக் கதவில் நிழல் விழுந்தது. தலை வாரி, முகம் வீங்க வீங்கத் தூங்கி எழுந்து வந்திருந்தாள்.

"மேடம், அந்த ஃபாரம்."

சத்தியம் செய்தவள் ஆயிற்றே. பையைத் திறந்து எடுத்தேன். பேனாவையும் எடுத்தேன். "கையெழுத்தா?"

"அய்ய, இல்ல மேடம்." ஃபாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பின்னால காலியாதான கீது? சனிக்கிழம கிளாசுக்கு ரஃப் பேப்பர் கம்மியா கீது."