வாசல்படியில் போட்ட நாற்காலி

வேர்த்துச் செத்துப்போனவர் எங்கள் ஊரில் இதுவரை ஒருவரும் இல்லை. இதைச் சபைக் கமிட்டி கூடியிருந்தபோது அத்தனை பேர் முகத்துக்கு நேரே சொன்னேன். சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

என் பெயர் ஜெப்சி. நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகும் சாலையோரம் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் ஞானசிங் தேங்காய் ஏற்றும் மினிலாரி ஓட்டுகிறார். எங்கள் ஒரே மகள் ஸ்டெனிக்குப் பன்னிரண்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. என்னுடையதில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். வைத்ததை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவள் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கிப் போட்டுவிடும். மற்றவர்களுக்கு இரண்டு நாள் தும்மலோடு போவது அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும். தடுப்பூசி போட்டாலும் அவளுக்கு முழுதாகப் பிடிக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அறுவைச் சிகிச்சை முடிந்த ஆறாம் மாதம் கொரோனா வந்தது. அரசாங்கம் சட்டம் போட ஆரம்பித்தது. பரிசோதனைக்கு மகளைத் திருவனந்தபுரம் கொண்டுபோக இ-பாஸ் கேட்டேன். தகுந்த காரணம் இல்லை என்று இரண்டு முறை திருப்பினார்கள். மூன்றாம் முறை கிடைத்த பாஸோடு போய், கேரள எல்லையான களியக்காவிளையில் நாலு மணிநேரம் வெயிலில் நின்றோம். எல்லாருடைய நல்லதுக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு கட்டுப்பாட்டை எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள், மறுபடி எடுத்தார்கள். கடைசியில் ஒரேயடியாக எல்லாவற்றையும் விலக்கிவிட்டார்கள். ஊர் கொண்டாடியது. நான் ராப்பகலாகத் தைத்துச் சும்மா கொடுத்த எண்ணூறு முகக்கவசமும் ஸ்கூட்டர் துடைக்கப் போய்ச் சேர்ந்தன. எங்கேயும் போகாதே என்றபோதும் ஸ்டெனியைப் போன்றவர்களை யாரும் கேட்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் போ என்றபோதும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சர்ச்சுக்கு, ஊர்ப் பேச்சில் கோயிலுக்கு, ஏசி வந்தது. சபைச் செயலர் டைட்டஸ் இருபது வருடம் மஸ்கட்டில் இருந்தவர். அங்கே உள்ள நம் ஆட்களிடம் பணம் பிரித்து, கைக்காசும் போட்டு, அலமாரி உயரத்துக்கு எட்டு ஏசி வாங்கி நிறுத்தினார். குளிர் வெளியே போகக்கூடாதென்று மிஷனரி காலத்து மரச் சன்னல்களைப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடியைப் பதித்துப் பசை போட்டு அடைத்தார்கள். கடல்காற்று சும்மா வந்துகொண்டிருந்த கோயில் அது. விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் பண்ணிவிட்டு, பிரதிஷ்டைக்கு ரிப்பன் வேறு வெட்டினார்கள். அன்றிலிருந்து ஸ்டெனி கோயிலுக்குப் போகவில்லை.

மே மாதம் கடைசி ஞாயிறு திடப்படுத்தல் ஆராதனை என்று அறிவித்தார்கள். பேராயர் வந்து பிள்ளைகளின் தலையில் கைவைத்து அவர்களைச் சபையின் முழு அங்கமாக்குகிற நாள். அதற்குப் பிறகுதான் அவர்கள் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கலாம். ஸ்டெனி இரண்டு வருடம் போனிலேயே வகுப்புக் கேட்டு, மனப்பாடமாக ஒப்பித்துத் தேறியிருந்தாள். பதினாறு வயதில் ஊரோடு சேர்ந்து நிற்க அவளுக்கு வாய்த்த ஒரே நாள் அது. நான் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அந்த ஒரு நாள் ஏசியை நிறுத்திவிட்டு, மேற்கே இருக்கும் பெரிய வாசலைத் திறந்து போட வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் அரசாங்கத்தைக் கேட்போம் என்று ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். என் மகளைப் போன்றவர்கள் வரும் பொது இடத்தில் காற்றோட்டமாவது வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள் என்று எழுதியிருந்தேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. தற்போது கட்டுப்பாடுகள் ஏதும் நடைமுறையில் இல்லையாம். 'மனுதாரர் தமது மகளைக் கூட்டமான இடங்களுக்கு அழைத்துச் செல்வதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்' என்று முடித்திருந்தார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. நான்கு வருடமாக நான் வேறு என்னத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்? அதைச் சொல்ல ஒரு முத்திரையும் ஒரு கையெழுத்துமா?

சரி, ஊரில் பேசிப் பார்ப்போம் என்று தோன்றியது. திடப்படுத்தலுக்கு நிற்கும் பதினொரு பெண்பிள்ளைகளுக்கும் வெள்ளை கவுன் என்னிடம்தான் தைக்கக் கொடுத்திருந்தார்கள். அளவெடுக்க வந்த ஒவ்வொரு தாயிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொருத்தியும் கேட்டுவிட்டு 'ஐயோ, பாவம்' என்றாள். அந்தப் பாவம் வாயைவிட்டு இறங்குவதற்குள் வேர்த்துப் பிள்ளையின் மேக்கப் கலைந்துவிடுமே என்ற கவலை வந்துவிடும். வீடியோக்காரனுக்கு வேறு முன்பணம் கொடுத்தாயிற்றாம்.

கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் டைட்டஸின் மனைவி பிரீனா கடைக்கு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளுடைய மூத்த மகளுக்கு மணவாளக்குறிச்சியில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். திடப்படுத்தல் ஆராதனைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதால் பிரீனாவுக்குப் புது பிளவுஸ் வேண்டியிருந்தது. கை முழங்கைக்குக் கீழே வரவேண்டும் என்றாள். மே மாத வெயிலில் நீளக் கை கேட்கிறாளே என்று நினைத்துக்கொண்டே டேப்பைப் போட்டேன்.

பதினைந்து வருடமாக அவளுக்குத் தைக்கிறேன். உடம்பு பெருத்தால் எங்கே பெருக்கும் என்று தையல்காரிக்குத் தெரியும். அவள் கை கால் மெலிந்திருந்தது. முகம் மட்டும் உருண்டு, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டிருந்தது. கையில் தொட்ட இடமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. இந்த முகத்தை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். சிகிச்சை முடிந்த முதல் வருடம் ஸ்டீராய்டு மாத்திரையால் ஸ்டெனிக்கும் இதே முகம்தான். டேப்பைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மில்லிகிராம் சாப்பிடுகிறீர்கள் அக்கா என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். உடம்பே உடம்பை அரிக்கிற ஒரு நோயாம். அதற்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரைதானாம். ஒரு வருடமாகச் சத்தமில்லாமல் மதுரைக்குப் போய் வருகிறார்களாம். மாஸ்க் போட்டால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் போடாமலே முதல் பெஞ்சில், ஏசிக்கு நேர் எதிரே, ஞாயிறு தவறாமல் உட்காருகிறாள்.

"யாருட்டயும் சொல்லிராத ஜெப்சி. தாய்க்கு இப்படின்னு தெரிஞ்சா பிள்ளையை யாரு கெட்டுவா?" என்றாள்.

சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

மறுநாள் கமிட்டியில் நான் பேசி முடிக்கும்வரை டைட்டஸ் மரியாதையாகத்தான் கேட்டார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கவர்மென்டே ஒண்ணும் வேண்டாம்னு சொல்லியாச்சு. பெறவு நமக்கு என்ன? சொகமில்லாதவங்க வீட்ல இருந்து பாக்கட்டும். அதுக்குத்தானே யூடியூப்ல லைவ் போடுதோம்."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே, அவளையும் யூடியூப்பில் பார்க்கச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் அத்தோடு காரியம் முடிந்திருக்கும். என் மகளுக்குக் கதவு திறந்திருக்கும். அவர் மகளுக்கு ஒரு கதவு அடைபட்டிருக்கும். விழுங்கிக்கொண்டேன். விழுங்கிய கோபம் வேறு பக்கமாக வெளியே வந்தது.

"வேர்த்துச் செத்தவங்க நம்ம ஊர்ல யாரு இருக்காவ, ஒரு பேரு சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

போதகர் சமாதானமாக ஒரு வழி சொன்னார். பேராயரிடம் பேசி, வேறொரு நாள் வீட்டிலேயே வைத்து ஸ்டெனிக்கு மட்டும் தனியாகச் செய்துவிடலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

வீட்டில் போய்ச் சொன்னபோது ஸ்டெனி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வீட்ல வச்சு எனக்கு வேண்டாம். நான் என்ன தப்பு செஞ்சேன், என்னை ஒளிச்சு வச்சுக் குடுக்கதுக்கு? மாஸ்க் போடுதேன், கடைசி பெஞ்ச்ல இருக்கேன். ஆனா எல்லார்கூடவும்தான் நிப்பேன்."

அடைத்த கோயிலுக்குள் அறுநூறு பேர் மூன்று மணிநேரம் விடுகிற மூச்சுக்கு நடுவே ஒரு மாஸ்க் எத்தனை நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருந்தும் என் பிள்ளை சொன்னது நியாயம். அரசாங்கம் விதி போடாவிட்டால் போகட்டும், அந்த ஒரு வாசலுக்கு நானே விதி என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் எடுத்து வைத்த இரும்பு மடக்கு நாற்காலியை ஞானசிங் பார்த்தார். சத்தம் போட்டுப் பேசவே தெரியாத மனிதர்.

"நாளைக்கும் இந்த ஊர்லதான் இருக்கணும், ஜெப்சி" என்றார்.

ஆமாம், நம் மகளும் இருக்கணும் என்றேன். நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் மினிலாரியில் அவரே வைத்தார்.

பேராயரின் பவனி பெரிய வாசல் வழியாகத்தான் உள்ளே போகும். அதுவரை நாற்காலியை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு பவ்யமாக நின்றேன். பவனி பீடத்தண்டை போனதும், வாசல்படியின் நடுவே நாற்காலியை விரித்து உட்கார்ந்தேன். வாசலின் இரண்டு கதவும் என் முழங்கால்களைத் தாண்டி மூட வராது. எனக்கு முன்னால் கடைசி பெஞ்சில் வெள்ளை கவுனும் மாஸ்க்குமாக ஸ்டெனி. வெளியே இருந்து காற்று என் முதுகில் பட்டு அவள் முக்காட்டை அசைத்துக்கொண்டு உள்ளே போனது.

முதல் பாட்டு முடிவதற்குள் டைட்டஸ் வந்துவிட்டார். எழுந்திரு, கதவை அடைக்க வேண்டும் என்று காதருகே சொன்னார். நான் ஆராதனைக்கு வந்திருக்கிறேன், என்னை எழுப்ப வேண்டுமென்றால் பேராயருக்குக் கேட்கிறமாதிரி சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லவில்லை. ஆனால் போகவும் இல்லை. கதவுக்குப் பக்கத்திலேயே கைகட்டி நின்றார். உள்ளே புழுக்கம் ஏறியது. எட்டு ஏசியும் உறுமுகிறதே தவிரக் குளிரைக் காணோம். ஒவ்வொருவராகத் திரும்பி என்னை முறைத்தார்கள். ஆனாலும் நான் நாற்காலியைவிட்டு அசையவில்லை.

பிள்ளைகளின் பெயரை வாசிக்கத் தொடங்கினார்கள். பிள்ளை பீடத்தண்டை முழங்காலிடும்போது தாயும் தகப்பனும் பின்னால் போய் நிற்பது எங்கள் சபை வழக்கம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுந்து போனால் அந்த நிமிடமே கதவு அடைபடும். அதற்குத்தான் டைட்டஸ் கைகட்டிக் காத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டெனியின் பெயர் வந்தது. அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். நீ போ மக்கா, அப்பா முன்னால நிக்காவ என்றேன். சிறுநீரகம் கொடுக்க அவளுக்குப் பக்கத்து அறையில் ஆபரேஷன் மேசையில் படுத்திருந்தவள் நான். இன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த நேரத்தில் முதல் பெஞ்சிலிருந்து பிரீனா எழுந்தாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் தாயாரிடம் ஏதோ சொல்லிவிட்டு நடுப்பாதை வழியாக வாசலை நோக்கி நடந்து வந்தாள். பாதி வழியில் நின்று கைப்பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்துக் காதில் மாட்டினாள். புருஷன் ஏவித்தான் வருகிறாள், என்னை எழுப்பத்தான் வருகிறாள் என்று நாற்காலியின் இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எந்திரி, ஏட்டி. பிள்ளைக்கப் பொறத்த போய் நில்லு. இதுல நான் இருந்துக்கிடுதேன்" என்றாள்.

டைட்டஸ் பதறிப்போய் அவள் கையைத் தொட்டார். "பிரீனா, சம்பந்தக்காரங்க பாக்காவ."

"பாக்கட்டும். எனக்கும் அந்த மாத்திரைதான், எனக்கும் காத்து வேணும்னு இப்பதான் அவங்கட்ட சொல்லிட்டு வாறேன்."

நான் எழுந்தேன். நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். நடுப்பாதையில் நான் போன போக்கை நடை என்று சொல்ல முடியாது. வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த அறுநூறு பேரும் ஆராதனைத் தாளால் விசிறிக்கொண்டே வழிவிட்டார்கள். நான் போய்ச் சேரவும் பேராயர் ஸ்டெனியின் தலையில் கைவைக்கவும் சரியாக இருந்தது. ஜெபம் முடிந்து எழுந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் சிரித்தன. அத்தனை பேருக்கு நடுவில் நான் வாய்விட்டு அழுதேன், வெட்கப்படவில்லை.

பிறகுதான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். டைட்டஸ் குனிந்து மனைவியிடம் என்னவோ கெஞ்சிக்கொண்டிருந்தார். பிரீனா நாற்காலியைவிட்டு எழவில்லை.