பெரிய குடை

அப்பா அந்தக் குடையை வாங்கிய கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். கடையில் இருந்த குடைகளையெல்லாம் ஒவ்வொன்றாக விரித்து, மடக்கி, மறுபடியும் விரித்துப் பார்த்தார். கடைக்காரர், "சார், குடை வாங்கறீங்களா, வீடு வாங்கறீங்களா?" என்று கேட்டே விட்டார். அப்பா அசரவில்லை. நான் மண்ணியல் படிக்கப் போகும் நாட்டில் தினமும் மழை கொட்டும் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். கடையிலேயே பெரியதை வாங்கினார். அது பெட்டிக்குள் அடங்காததால், கையில் பிடித்துக்கொண்டே விமானம் ஏறினேன்.

கேள்விப்பட்டது பொய்யில்லை. வகுப்பு முடிந்து வெளியே வரும்போதே மழை பிடித்துக்கொள்ளும். இந்த ஊர்க்காரர்கள் ஒருவரிடமும் குடை கிடையாது. எல்லாரும் ஆய்வுக்கூடத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்பார்கள். நான் மட்டும் குடையை விரித்துக்கொண்டு ராணி மாதிரி நடந்து போவேன். நம்மிடம் இருக்கிற முன்யோசனை இவர்களுக்கு இல்லையே என்று எனக்குள் ஒரே மிதப்பு.

மிதப்பெல்லாம் அறைக்கதவைத் திறக்கும் வரைக்கும்தான். அங்கே ஒரு கட்டில், ஒரு மேஜை, எத்தனை நாள் காயப்போட்டாலும் உலராத துணி. காலணியில் பச்சையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. கடையில் பை வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம் வேண்டாம் என்பேன். சில நாள் நான் பேசியது அது ஒன்றுதான். கெண்டியில் தண்ணீர் கொதித்துச் சத்தம் போட்டால், "வந்துட்டேன், இரு" என்று அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அழுகை வந்தது. அழுதேன். கேட்க ஆளில்லாததால் அதுவும் சீக்கிரம் சலித்துப் போயிற்று.

அப்போதுதான் பேராசிரியை குண்டைத் தூக்கிப் போட்டார். சதுப்பு நிலத்தில் மண் எடுக்கப் போக வேண்டும். துளைக்கும் கம்பியை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் திருக வேண்டும். தனி ஆளால் ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள் அவரவர் ஜோடியைச் சொல்லிவிட வேண்டும், ஜோடி இல்லாதவர்கள் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வகுப்பில் வாயே திறக்காத கூட்டம் அது. இருந்தும் மறுநாளே முக்கால்வாசிப் பேர் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். எங்கே, எப்போது பேசிக்கொண்டார்கள் என்று எனக்குப் புரியவேயில்லை.

அன்று பாதி வழியில் மேலங்கியை ஆய்வுக்கூடத்திலேயே மறந்துவிட்டது நினைவு வர, மழையில் திரும்பி வந்தேன். தாழ்வாரத்தில் ஒரே சிரிப்பு. வகுப்பு ஊமைகள் எல்லாம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மரியாதையாக வழிவிட்டார்கள். அந்த மரியாதைதான் சுருக்கென்று தைத்தது. மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும், துளைக்கும் கம்பிகள் நிற்கிற மூலையில் குடையைச் செருகி வைத்தேன். வெறுங்கையோடு தாழ்வாரத்துக்கு வந்து ஓர் ஓரமாக நின்றேன். சாரல் காலை நனைத்தது. பிஸ்கட் பொட்டலம் என்னைத் தாண்டிக் கைமாறியது. போய்க் குடையை எடுத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு, மனசுக்குள் நான் சுருட்டை என்று பெயர் வைத்திருந்த பெண் சற்றுத் தள்ளி நின்று, நனையாத இடத்தில் எனக்கு இடம் விட்டாள்.

"இன்னைக்குக் குடை இல்லையா?"

"மறந்துட்டேன்."

"தினமும் அவசரமாப் போவியே, உனக்காக யாரோ காத்துக்கிட்டிருக்காங்கன்னு நினைச்சோம்."

"யாரும் இல்ல" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிஸ்கட்டை நீட்டினாள். "எனக்குக் கம்பி திருகத்தான் வரும். அழுத்திப் பிடிக்க உடம்புல தெம்பு கிடையாது. நீ பிடிப்பியா?"

பிடிப்பேன் என்று தலையாட்டினேன். மழை விட்டதும் இரண்டு பேரும் போய்ப் பேராசிரியையிடம் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. மழை இன்னும் வலுத்துக்கொண்டிருந்தபோது அப்பா போனில் கூப்பிட்டார்.

"மழைச் சத்தம் கேக்குதே. வெளியிலயா இருக்கே பாப்பா? குடை இருக்குல்ல?"

"இருக்குப்பா."

"விரிச்சிருக்கியா?"

"விரிச்சிருக்கேன்பா."

எனக்குப் பின்னால் யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அப்பாவுக்கும் கேட்டுவிட்டது.

"யாரும்மா அது, இத்தனை பேரு?"

"கூடப் படிக்கறவங்கப்பா."

"எல்லாரும் அந்தக் குடைக்குள்ளயா நிக்கறீங்க?"

"ஆமாப்பா" என்றேன். "பெரிய குடைதானே."