புளித்த வாடை

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்? ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே மருந்து ஆய்வகத்தில்தான் வேலை. மருந்துக்கு ஏழு படிகள். முதல் ஆறு படிகளையும் கட்டி மேய்த்து, மருந்தாவதற்கு முந்தைய நிலையான முன்பொருளை மஞ்சள் பொடியாகச் செய்து கொடுப்பவள் மூத்தவள். ஏழாம் படியில் அதைக் குடுவையில் சூடாக்கி மருந்தாக மாற்றுகிறவள் இளையவள். சமைத்தவள் ஒருத்தி, பரிமாறியவளுக்குப் பேர். மாமியார்கூட வருகிறவர்களிடமெல்லாம், "மருந்து பண்றது நம்ம சின்னவதான். பெரியவ கூடமாட ஒத்தாசை" என்பாள்.

மூத்தவளுக்கு ஒரே ஆறுதல் அவள் கைராசி. வெளியில் வாங்கும் முன்பொருள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மருந்தாக மாறாது. இவள் செய்த பொடி மாறும். ஏனென்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இளையவள் விளையாட்டாக, "அக்கா பொடில எப்பவும் ஒரு புளிச்ச வாடை. மூக்கப் பொத்திக்கிட்டுதான் கொட்டுவேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த பொடியைச் சோடா உப்புக் கரைசலில் அலசு அலசென்று அலசி, உலர்த்திக் கொடுத்தாள். வாடை போயே போய்விட்டது.

இளையவளின் குடுவையில் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பச் செய்தாள், அதே மஞ்சள். மேலாளர் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். மூத்தவளுக்குக் காரணம் சட்டென்று புரிந்தது. ஆறாம் படியில் மிஞ்சி ஒட்டிக்கொள்ளும் வினிகர் அமிலம்தான் கடைசிப் படியை இத்தனை காலம் நடத்திவைத்திருக்கிறது. கைராசியாவது மண்ணாவது. சொன்னால் பேர் இவளுக்குத்தான். ஆனால் இளையவளும் தப்பித்துவிடுவாளே? கொஞ்சம் திணறட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினாள்.

போதும், இனிச் சொல்லிவிடலாம் என்று இளையவளிடம் போனபோது மேலாளர் அங்கே நின்றிருந்தார். குடுவையில் வெள்ளை வெளேரென்று மருந்து.

"வாடை இல்லையேன்னு சந்தேகம் வந்துச்சுக்கா. ரெண்டு சொட்டு வினிகர் அமிலம் விட்டேன், மாறிடுச்சு. இத்தன நாளும் வேலை செஞ்சது உங்க வாடைதான்" என்றாள் இளையவள், மனசாரச் சந்தோஷப்பட்டு.

மேலாளர் தாடையைத் தடவினார். "அப்ப வெளில வாங்கற பொடிக்கும் ரெண்டு சொட்டு விட்டா போதுமே. ஆறு படியையும் இங்க எதுக்குச் செய்யணும்?"

'எனக்கு அப்போதே தெரியும்' என்று நாக்கு நுனிவரை வந்ததை மூத்தவள் விழுங்கினாள். தெரிந்தவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்?

"அப்ப அக்காவுக்கு என்ன வேலை சார்?" என்று பதறிப்போய்க் கேட்டவளும் இளையவள்தான். அதற்கும் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.