பலகையில் இல்லாத பதினாலு மாதம்

றஹீமா டீச்சர் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. அதற்குள், பள்ளிக்கூட அலுவலக வாசலில் தொங்கும் அதிபர்கள் பெயர்ப்பலகையில் தன் பெயரும் ஏற வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டு வாங்குவது மரியாதை அல்ல என்பது அவருடைய எண்ணம்.

பலகையில் பன்னிரண்டு பெயர்கள். நாற்பது நாள் மட்டும் அதிபராக இருந்து மாற்றலாகிப் போனவரின் பெயர்கூட நாள், மாதத்தோடு இருந்தது. பதினோராவது பெயருக்கும், பன்னிரண்டாவதான இப்போதைய அதிபர் மீராசாவுக்கும் நடுவில் பதினாலு மாதத்தைக் காணவில்லை. அந்தப் பதினாலு மாதமும் புது அதிபர் வரும்வரை பதில் அதிபராகப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர் றஹீமா டீச்சர். பத்து வருடமாக ஒவ்வொரு காலையும் வரவுப் புத்தகத்தில் கையெழுத்திடப் போகும்போது அந்த இடைவெளியைப் பார்ப்பார். மனிசர் எப்படியெல்லாம் மறந்துவிடுகிறார்கள் என்று நினைப்பார். அந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது. காலைத் தேநீரைப் போல அதுவும் பழகிப்போயிருந்தது.

ஐந்தாம் வகுப்பில் அந்த வாரம் ஊர் வரலாற்றின் மூலாதாரங்கள் பாடம். ஒரு மூலாதாரத்தை அப்படியே நம்பக் கூடாது, இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும் என்று டீச்சர் விளக்கினார். குழுக்களைப் பிரித்து, நல்ல தலைவர் தன்னை முன்னால் வைக்கமாட்டார் என்றும் சொல்லிவைத்தார். ஒரு குழுவுக்குப் பள்ளிவாசல் கல்வெட்டு, இன்னொன்றுக்குப் பழைய காணி உறுதிப் பத்திரம். அதிபர்கள் பலகை முஸ்பிறாவின் குழுவுக்குப் போனது.

அது தற்செயல் என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் முஸ்பிறா எப்படிப்பட்ட பிள்ளை என்று அவருக்குத் தெரியும். சிற்றுண்டிச்சாலையில் வடை நேற்றையதைவிடச் சின்னது என்று எழுத்தில் முறைப்பாடு கொடுத்த பிள்ளை.

பலகையோடு ஒப்பிடச் சம்பவத்திரட்டுப் புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நடப்பதை அதிபர் எழுதி ஒப்பமிடும் புத்தகம் அது. சுனாமிக்கு முந்தியவை கடலோடு போய்விட்டன. டீச்சர் அதிபர் மீராசா சேரிடம் அனுமதி வாங்கி, தான் பொறுப்பேற்ற நாளின் பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டையும் வைத்துக் கொடுத்தார். இந்தப் பக்கம் மட்டும் போதும் என்றார். முஸ்பிறா மூன்று நாள் இடைவேளைகளில் அலுவலக வாங்கில் உட்கார்ந்து மற்றப் பக்கங்களையும் படித்தாள்.

வியாழக்கிழமை குழுக்கள் அறிக்கை வாசித்தன. பிள்ளைகளை ஊக்கப்படுத்தவென்று டீச்சர் மீராசா சேரையும் அழைத்திருந்தார். முஸ்பிறா எழும்பி, பலகையில் ஒரு பெயர் குறைகிறது, அது றஹீமா டீச்சருடையது என்று பக்க எண்ணோடு வாசித்தாள். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே மணலைப் பார்த்தார். முகத்தில் காட்ட வேண்டிய ஆச்சரியத்தை முதல்நாளே தீர்மானித்து வைத்திருந்தார். அது நன்றாகவே வந்தது.

மீராசா சேர் பதறிப்போனார். இது தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று சொல்லி, குறித்துக்கொள்ளப் பேனையை எடுத்தார்.

“இன்னும் முடியல்ல சேர்,” என்றாள் முஸ்பிறா. “ஏன் குறையிது எண்டும் புத்தகத்தில இரிக்கி.”

அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்:

“கடலில் போன பலகைக்குப் பதிலாகப் புதிய பலகை இன்று எழுதி முடிக்கப்பட்டது. பழைய அதிபர்களின் பெயர்களை வீடு வீடாகச் சென்று நானே திரட்டினேன். எனது பெயரையும் எழுதுவதா என ஓவியர் ஸஹீத் கேட்டார். வேண்டியதில்லை எனக் கூறினேன். பலகையைப் பார்வையிட்டேன். பிழை இல்லை.”

தாளைத் தாழ்த்திவிட்டு, “கீழ டீச்சர்ர கையெழுத்து,” என்றாள்.

றஹீமா டீச்சருக்கு அந்த நாள் முழுதாகத் திரும்பி வந்தது. ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தரமும் வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தரம் பீங்கானில் சோறு விழுந்துவிடும். அப்படித்தான் ஸஹீதிடமும் வேண்டாம் என்றார். ஸஹீத் ஒருதரம்தான் கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. தூரிகையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வருகிற அதிபராவது வாசித்துவிட்டு மறுபடி கேட்கட்டும் என்றுதான் டீச்சர் அதைப் புத்தகத்தில் எழுதினார். யாரும் வாசிக்கவில்லை. பிறகு அவரே மறந்துபோனார். மறந்தாரா, மறக்க விட்டாரா என்பதை இப்போது வகுப்பறையில் நின்றுகொண்டு பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மீராசா சேர் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கண் கலங்கியிருந்தது. தலைமைத்துவம் என்றால் இதுதான் என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னார். “டீச்சரே வேணாமெண்டு எழுதி வெச்சத நாம மாத்துறது அவக்குச் செய்யிற மரியாதையில்ல,” என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“டீச்சர் உயிரோட இரிக்கிறதால அவவும் ஒரு மூலாதாரம் சேர்,” என்றாள் முஸ்பிறா. “கேட்டுத்தான் முடிவு எழுதணும். டீச்சர், பலகையில ஒங்கட பெயர எழுதுறதா, வேணாமா?”

“வேணாம் புள்ள,” என்றார் றஹீமா டீச்சர்.

அவர் சொல்லவில்லை, வாய் சொன்னது. முஸ்பிறா தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினாள். இரண்டாம் தரம் கேட்பாள் போலத் தெரியவில்லை. மீராசா சேர் எழும்பிக் கதிரையை ஓரமாக்கினார். டீச்சர் ஓய்வுக்கு இருந்த மூன்று மாதத்தை எண்ணிப் பார்த்தார். அதில் நோன்பு விடுமுறையும் வந்தது.

“முஸ்பிறா, அத வெட்டு,” என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “எனக்கு வேணும். எழுதச் சொல்லு.”

மீராசா சேர் கதிரையைப் பிடித்தபடி நின்றார்.

“வெட்ட ஏலா டீச்சர், இது மூலாதாரம்,” என்றாள் முஸ்பிறா. “கீழ புதுசா எழுதுறன்.”

எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினாள். ‘முதலில் வேண்டாம் என்றார். பிறகு வேண்டும் என்றார். நேரம் 10.20’ என்று இருந்தது. தாளின் உச்சியில், மற்ற நான்கு பெயர்களுக்கும் மேலே, குழுத் தலைவி முஸ்பிறா என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் இட்டிருந்தாள்.

டீச்சர் அதைத் திருத்தவில்லை. தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். மீராசா சேர் ஸஹீதின் போன் நம்பரைக் கேட்டார்.