பக்கவாத்தியம் உள்ளவர்கள் தவறாமல் வரவும்

சுகாதார நிலையத்துக் கதவில் அந்த வார அறிவிப்பு ஒட்டியிருந்தது. "பக்கவாத்தியம் உள்ளவர்கள் தவறாமல் வரவும். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்." பக்கவாதம் என்று அடிக்க வேண்டிய இடத்தில் யாரோ கை தவறியிருந்தார்கள். தையல்காரி அதைப் படித்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் இருந்தவர் உதட்டின் ஒரு பக்கத்தால் சிரித்தார். மறுபக்கம் சிரிப்பதை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது.

காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர் அவர். அவர் குரலுக்கு லாரிக்காரர்கள் தூக்கம் கலைந்து எழுவார்கள். ஒரு காலையில் தக்காளிக் கூடையின் மேலேயே சரிந்தார். வலது கையும் பேச்சும் போயின. சொல்வதெல்லாம் புரியும், பதிலுக்கு "ஆ" மட்டும் வரும். "கல்யாணம் ஆனதிலேர்ந்து வாயை மூடுங்கன்னு கெஞ்சினேன். அப்பல்லாம் கேக்காத மனுஷன் இப்பவா கேக்கணும்?" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவர் தன்னை ஒரு தடவை திட்ட வேண்டும்; வாயாரத் திட்ட வேண்டும்.

கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நலவாழ்வு ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்கு வட்டம் என்றால் உயிர். போன வாரம் எல்லோருக்கும் வண்ணக்குச்சி கொடுத்து, "மனசுல இருக்கறத வரைங்க" என்றிருந்தார். பாதிப் பேருக்கு வரைகிற கையே அசையாது. ஏலக்காரர் இடது கையால் எதையோ இழுத்தார். அம்மா கண்ணை மூடித் திறந்து, "இதுல ஒரு பெரிய ஏக்கம் தெரியுது" என்றார்.

"கத்திரிக்காய்ம்மா அது," என்றாள் தையல்காரி.

இந்த வாரம் பார்வையிட மேலிடத்து இயக்குநர் வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா பேச வாயெடுத்தபோது கதவு திறந்தது. டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர், ஆர்மோனியத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இன்னொருவர்.

"பக்கவாத்தியம் இருக்கறவங்க வரணும்னு போட்டிருந்தீங்களே," என்றார் டோலக்காரர். வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "பாடப்போறது யாரு?"

வாய் திறக்க முடிந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் அம்மா கதவிலிருந்த அறிவிப்பைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார். தப்பு என்று சொல்வதைவிடத் திட்டம் என்று சொல்வது சுலபம்.

"இன்னிக்குத்தான் நம்ம கலைவழி நலத்திட்டத்தோட தொடக்கம் சார்."

இயக்குநர் தலையாட்டினார். அப்படித்தான் அந்தத் திட்டம் பிறந்தது. பிறகு அதற்கு விருதுகூடக் கிடைத்தது.

"பாட ஆளில்லைன்னா என்ன, வந்ததுக்கு வாசிச்சிட்டுப் போறோம்," என்று டோலக்காரர் உட்கார்ந்தார். வாசிப்பு சூடுபிடித்தபோது ஏலக்காரரின் இடது கை நாற்காலிப் பிடியைத் தட்டத் தொடங்கியது. அப்புறம் ஒரு குரல்.

"ஒரு தரம்…"

தையல்காரி திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். பின்வரிசையே இல்லை.

"ரெண்டு தரம்…" ஏலக்காரரின் விரல் ஒருங்கிணைப்பாளர் அம்மாவை நோக்கி நீண்டது. "நல்ல சரக்கு… பாத்து எடு… ஒரு தரம்…"

எதிரில் இருந்த ஒருவர் ஏலம் கேட்க ஊன்றுகோலைத் தூக்கினார். அம்மாவை நன்றாகப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டார். சரக்கு போணியாகவில்லை. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரித்து வந்த கண்ணீர். "பாருங்க, சார் உருகிட்டாங்க," என்றார் அம்மா.

டோலக் நின்றது. தையல்காரி புருஷனின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்னங்க, என்னக் கூப்பிடுங்க."

"ஆ… ஆ…"

"அண்ணே, திரும்ப வாசிங்கண்ணே."

வாசித்தார். மறுபடி ஒரு தரம், ரெண்டு தரம்தான். சந்தைக்கு வந்த குரல் வீட்டுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து அவள் வீட்டில் கச்சேரி தொடங்கிற்று. திரைச்சீலை வெட்டுகிற மேசையில் மர ஸ்கேலால் தட்டிக்கொண்டே, "தண்-ணி வே-ணுமா," "தூக்-கம் வரு-தா" என்று பாடிக் கேட்டாள். அவளுக்குத் தாளம் என்பது பிறவியிலேயே கிடையாது. கீழ்வீட்டுக்காரர் வந்து, தச்சு வேலை எப்போது முடியும் என்று கேட்டுவிட்டுப் போனார். ஏலக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஒரு மத்தியானம் பொறுக்க முடியவில்லை. அவள் கையிலிருந்த ஸ்கேலைப் பிடுங்கி மேசையில் ஓங்கி அடித்தார்.

"தா-ளம்… தப்-புடீ… மூ-தேவி!"

தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, சும்மா விட்டால் நின்றுவிடுமோ என்ற பயத்தில், "எனக்கா தப்பு? உங்களுக்குத்தான் காது செவிடு," என்று ஆரம்பித்தாள். தாளத்துக்கு ஒத்து வந்த வசவெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. புகைப்படம் எடுக்க வந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா வாசலில் நின்று இதைக் கேட்டார். "தம்பதியர் தினமும் பாடி மகிழ்கிறார்கள்" என்று ஆண்டறிக்கையில் வந்தது. ஆண்டறிக்கை உண்மை சொன்ன அபூர்வமான இடம் அது.

இரண்டாவது முறை பக்கவாதம் தாக்கியபோது அவர் பிழைக்கவில்லை. வீடு மறுபடி சத்தமற்றுப் போனது. கொஞ்ச நாள் கழித்து டோலக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"சுகாதார நிலையத்துக்குப் புதுசா, பேச்சுப் போன ஒரு தபால்காரர் வந்திருக்காரும்மா. நான் எவ்வளவோ வாசிச்சுப் பாத்துட்டேன். என் தாளத்துல குத்தமே இல்ல, அவருக்குக் கோவமே வரமாட்டேங்குது. நீங்க வந்தா நல்லாருக்கும்."

அவள் போனாள். தபால்காரர் எதிரில் உட்கார்ந்து, தன்னால் முடிந்த அளவுக்கு மோசமாகத் தட்டினாள். சற்று நேரத்தில் அவர் முகம் சிவந்தது. முதல் சொல் வந்தது. நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய சொல் அல்ல. அவருடைய மனைவி கைகூப்பினாள்.

ஒருங்கிணைப்பாளர் அம்மா மட்டும் தையல்காரியைத் தனியாகக் கூப்பிட்டு அக்கறையாகக் கேட்டார்: "உங்களுக்கு ஒரு தாளப் பயிற்சி ஏற்பாடு பண்ணட்டுமா?"

"கெடுத்துடாதீங்கம்மா," என்றாள் அவள்.