றோஸ்மேரி கேட்ட சாட்சி

ஜோசப்பினுக்கு முழங்காலில் ஒரு நோவும் இல்லை. ஆனாலும் இரண்டு வருடமாக, பூசையில் எல்லோரும் நற்கருணை எடுக்க எழும்பும்போது அவள் மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டு வாங்கிலேயே இருந்துவிடுவாள். அன்ரிக்குக் கால் ஏலாது என்று சனம் பரிதாபப்பட்டது. சனத்துக்கு என்ன தெரியும்?

எண்பத்தாறில் அவள் மன்னாரிலிருந்து கனடாவில் வந்திறங்கியபோது மகன் அகஸ்ரின் தலையைச் சொறிந்தான். "அம்மா, உங்களுக்கெண்டு ஒண்டும் நடக்கேல்லையே. அகதிக் கேசில என்னத்தைச் சொல்லுறது?"

நடந்தது பக்கத்து வீட்டு றோஸ்மேரிக்கு. அவளுடைய ஒரே மகன் பஸ்ரியன் கடற்கரையில் சுடப்பட்டான். தன் சீலையைக் கிழித்துக் காயத்தைக் கட்டியதும், வாசல் கதவைக் கழற்றி அதில் அவனைத் தூக்கிவந்ததும் ஜோசப்பின்தான். அதையே விசாரணையில் வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொன்னாள். செத்தது தன்னுடைய மூத்த மகன் என்றாள். விசாரித்த பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது. கேஸ் வென்றது. பொய்ச்சத்தியம் செய்த வாயில் நற்கருணை வாங்கத்தான் அன்றிலிருந்து அவளுக்குத் துணிவு வரவில்லை.

இப்போது அந்த றோஸ்மேரி பிறம்ரனில் அவர்களுடைய சோபாவில் வந்து இருந்தாள். அஜக்சில் இருக்கும் தம்பி அவளை விசிற் விசாவில் கூப்பிட்டிருந்தான். கருவாட்டுப் பார்சலை மேசையில் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"நிக்கிறதோ திரும்பிறதோ எண்டு தெரியேல்லை அக்கா. பிள்ளை செத்ததைக் கண்ட ஆள் ஒராள் வந்து சொன்னால் காணுமெண்டு லோயர் சொல்லுறார். மற்றச் சனமெல்லாம் வள்ளமேறி இந்தியாவுக்குப் போட்டுது. கடவுள்தான் உங்களை இஞ்ச கொண்டந்து வைச்சிருக்கிறார். நீங்கள் வந்து சொன்னால் நிக்கிறன். இல்லாட்டி அடுத்த கிழமை பிளேன்."

ஜோசப்பின் கருவாட்டுப் பார்சலை எடுத்து மடியில் வைத்தாள். போய்ச் சொல்லலாம். சொன்னால், அப்போது உன் மகன் என்று சொன்னாயே, அவன் யார் என்று கேட்பார்கள். பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். குசினி வாசலில் நின்ற அகஸ்ரின் தாயைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாமாம். அவனில் பழிபோட்டு என்ன, வாய் அவளுடையதுதானே.

"நான் அண்டைக்கு ஊரில நிக்கேல்லையே றோஸ்மேரி. மடு மாதா கோயிலுக்கெல்லோ போயிருந்தனான்."

மாதாவையும் இழுத்தாயிற்று.

றோஸ்மேரி அவளைப் பார்த்தாள். "நீங்கள் கட்டின சீலைத்துண்டைத் தோய்ச்சு வைச்சிருக்கிறன் அக்கா. நீலக்கரை." பிறகு தானே பிழைவிட்டவள் போல அவசரமாகச் சொன்னாள்: "எனக்குத்தான் மாறாட்டம் போல. அது வேற ஆரோ."

வெட்கத்தில் ஜோசப்பினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்றாள்.

கீழே தம்பியின் கார் ஹோர்ன் அடித்தது. றோஸ்மேரி எழும்பிச் சப்பாத்தைக் கொழுவினாள். ஊரில் யார் வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும் "போட்டுவாறன்" என்று சொல்லித்தான் படலை தாண்டுவார்கள். செத்தவீட்டில் மட்டும் சொல்லாமல் எழும்பிப் போவார்கள்.

ஜோசப்பின் அந்தச் சொல்லுக்காகக் கதவடியில் காத்து நின்றாள். றோஸ்மேரி ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.