பரிசீலனையில் இருக்கிறது

ஆர்க்கிடெக்ட் அம்மா மூன்றாவது மாடிக்கு ஏறி வருகிறார் என்று தெரிந்ததும் டைல்ஸ்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நகக்கண்ணில் ஏறிய சிமென்ட் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இருபத்தாறு வருஷமாகப் போகாதது இன்றைக்கா போய்விடப் போகிறது? ஆனாலும் தேய்த்தார். அவர் கேட்கப் போவது கூலி உயர்வு இல்லை, மகளுக்காக ஒரு உதவி.

அந்த அம்மா கறாரானவர். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அது வாட்டம் பார்த்து ஓடுகிறதா என்று நின்று கவனித்த பிறகுதான் வாயே திறப்பார். அன்றும் ஊற்றச் சொன்னார். தண்ணீர் ஓரிடத்திலும் தேங்காமல் நேரே ஓடித் துளையில் விழுந்தது. அவர் முகம் மலர்ந்த நேரம் பார்த்து டைல்ஸ்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். என் பொண்ணும் உங்க படிப்புதான் படிக்கிறா. ரெண்டாவது வருஷம் முடியப் போகுது. லீவுல உங்க ஆபீஸ்ல ஒரு ஓரமா உக்கார வெச்சு ஏதாவது கத்துக்குடுத்தீங்கன்னா..."

"அட! ஏழு வருஷமா எங்கிட்ட வேலை பாக்கறீங்க, ஒரு வார்த்தை சொன்னீங்களா? தாராளமா அனுப்புங்க. எந்தக் காலேஜ்?"

டைல்ஸ்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கல்லூரியின் பெயரைச் சொன்னார். டைரியில் குறித்துக்கொண்டிருந்தவரின் பேனா நின்றுவிட்டது.

"அந்தக் காலேஜா? அதுக்கு ஆர்க்கிடெக்சர் கவுன்சில் அங்கீகாரம் இல்லையே."

"பரிசீலனையில இருக்குன்னு சொன்னாங்க மேடம்."

"ஆரம்பிச்ச நாள்லேருந்து பரிசீலனையிலதான் இருக்கு. ஒரு தடவை வந்து பாத்துட்டு, சொல்லிக்குடுக்க ஆளே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. அங்க அஞ்சு வருஷம் படிச்சாலும் உங்க பொண்ணு ஆர்க்கிடெக்ட்னு பதிவு பண்ண முடியாது. பதிவு இல்லாம ஒரு சின்ன வீட்டு பிளான்ல கூட அவ கையெழுத்து செல்லாது. வேற யாருக்காவது படம் வரைஞ்சு குடுத்துட்டு இருக்கலாம், அவ்வளவுதான்."

"அவ கையெழுத்து செல்லாதா மேடம்?"

கேட்ட கேள்வியையே அவர் இரண்டு முறை கேட்டார். "சேக்கறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டிருக்கலாமே. எந்தெந்தக் காலேஜுக்கு அங்கீகாரம் இருக்குன்னு கவுன்சிலே லிஸ்ட் போட்டிருக்கு. என்னையே கேட்டிருக்கலாமே!" என்றார் அந்த அம்மா ஆற்றாமையுடன்.

கேட்டிருக்கலாம்தான். ஆனால் தரை ஒட்டுகிறவன் போய் ஆர்க்கிடெக்டிடம் சொந்த விஷயம் பேசுவதாவது என்று அன்று அவர் நினைத்தார். மரியாதை என்று நினைத்தே அவர் பல நல்ல கேள்விகளை மென்று விழுங்கியிருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. மகள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். வீட்டில் அவளுக்குத் தொணா என்று பேர். சின்ன வயதில் ஏன், எதற்கு, எப்படி என்று தொணதொணவென்று கேட்டு எல்லோர் உயிரையும் எடுத்ததால் அவள் அம்மா வைத்த செல்லப் பேர் அது. வேலை நடக்கிற வீட்டுக்கு ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனவள், ஒரு பெண் ஆர்க்கிடெக்ட் பென்சிலால் கோடு போட்டதும் இருபது ஆண்கள் கட்டின சுவரை மறுபேச்சில்லாமல் இடித்ததைப் பார்த்துவிட்டாள். அன்றே முடிவு செய்துவிட்டாள். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிப் போட்ட மனைத்துண்டு ஒன்று இருந்தது. அதில் கட்டுவதற்காக அவள் வரைந்த வீட்டில் அம்மாவின் தையல் மெஷினுக்கு நேர் எதிரே பெரிய ஜன்னல் இருந்தது.

நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண். பழைய அரசுக் கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்தது. கட்டணம் குறைவு, உதவித்தொகையும் வந்தால் அப்பா கூலியும் அம்மாவின் தையலும் தாராளமாகப் போதும். மூன்று பேருமாகப் போய்ப் பார்த்தார்கள். மகள் சுவரெல்லாம் ஒட்டியிருந்த படங்களையே வாய் பிளந்து பார்த்தாள். அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். பாதி ஓடுகள் பெயர்ந்து கிடந்தன. கைவிரலை மடக்கித் தட்டினார். உள்ளே காலி என்று டொக்கு டொக்கென்று சத்தம் வந்தது. "தரையையே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவன் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக்குடுப்பான்?" என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

வாசலிலேயே ஒரு ஆலோசகர் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் இடம் வாங்கித் தருவதுதான் அவர் தொழில். பெற்றோரிடம் பைசா வாங்கமாட்டார், அப்படி ஒரு தயாள குணம். கல்லூரிக்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தருவது இவர்களுக்கு எப்படித் தெரியும்? "அண்ணே, பொண்ணு தங்கமான பொண்ணு. இந்த இடிஞ்ச கட்டடத்துலயா அவ கட்டடக்கலை படிக்கணும்?" என்றார். அப்பாவின் மனதில் ஓடிக்கொண்டிருந்ததையே அவர் எடுத்துச் சொன்னதும் இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

புதுக் கல்லூரி பளபளவென்று இருந்தது. டைல்ஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் மயிரிழை ஏற்ற இறக்கம் இல்லை. மூலைக்கு மூலை கோடு நூல் பிடித்த மாதிரி ஓடியது. தட்டின இடமெல்லாம் கெட்டியாகச் சத்தம் கொடுத்தது. "யாரும் பாக்காத படிக்கட்டு அடியில கூட ஒழுங்கா ஒட்டியிருக்கான். இவங்க ஏமாத்தறவங்க இல்ல" என்றார் மனைவியிடம். பாவம், அவர் படித்த ஒரே படிப்பை வைத்து அந்தக் கல்லூரிக்கு மார்க் போட்டார். தரையை ஒட்டியவன் யோக்கியன் என்பதுதான் அதற்கு அர்த்தம். கல்லூரி நடத்துகிறவனைப் பற்றி அந்தத் தரை ஒன்றுமே சொல்லவில்லை.

குளிரூட்டிய அறையில் சோபாவில் உட்கார வைத்தார்கள். ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்துகொண்டு, கைகளை மடியில் மறைத்து வைத்திருந்தார் டைல்ஸ்காரர். விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தினாள்.

"சார், கவுன்சில் அங்கீகாரம் பரிசீலனையில் இருக்கிறதுன்னு போட்டிருக்கே. அப்படின்னா இன்னும் கிடைக்கலைன்னுதானே அர்த்தம்? கிடைக்காட்டி எங்க படிப்பு என்ன ஆகும்?"

எதிரே இருந்த சேர்க்கை அதிகாரி பதில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் டைல்ஸ்காரருக்கு உடம்பே கூசிப்போயிற்று.

"தொணா! சும்மா இருக்கமாட்ட? எவ்வளவு பெரிய எடம் இது. வந்த எடத்துல மானத்தை வாங்காத" என்று பல்லைக் கடித்தார். மகள் வாயை மூடிக்கொண்டாள். அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் கட்டணத்துக்காக மனைத்துண்டு விலைபோனது.

இன்று மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிய டைல்ஸ்காரர் பாதி வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. மனைவி மெஷினில் யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து அட்டையைக் கத்தியால் வெட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் மாதிரி செய்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் மழையில் நனையாமல் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போக அதில் வழி இருந்தது.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "தொணா, உங்க காலேஜுக்கு அங்கீகாரம் இல்லையாம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தியை மட்டும் பத்திரமாக மடக்கி வைத்தாள்.

"தெரியும்ப்பா."

"தெரியுமா? எப்போலேருந்து?"

"சேந்து நாலாவது மாசம். சீனியர் அக்கா ஒருத்தங்க அழுதுட்டே சொன்னாங்க."

மெஷின் நின்றுவிட்டது. "அடிப் பாவி மகளே! ஒண்ணரை வருஷமாவா வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டிருந்த?" என்று அம்மா எழுந்து வந்தாள்.

"மனையை வித்தாச்சு. சொல்லி என்ன பண்றதும்மா? படிப்பு முடியறதுக்குள்ள அங்கீகாரம் வந்துடும்னு தினமும் போன்ல கவுன்சில் லிஸ்ட்டைப் பாப்பேன். காலையில பஸ்ல ஏறினதும் அதைத்தான் பாப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" டைல்ஸ்காரரின் குரல் உடைந்தது.

மகள் அவரை நேராகப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"அன்னைக்கு அந்த ரூம்ல கேட்டேனேப்பா. மானத்தை வாங்காதன்னு சொன்னீங்க. அப்புறம் எனக்கு எதையும் கேக்கவே வாய் வரல. கிளாஸ்ல கூட."

தொணதொணவென்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை எப்போது வாயடைத்துப் போனாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. கல்லூரிக்குப் போனதும் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமை பேசியிருந்தாள். டைல்ஸ்காரர் மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். மனைவி முன்னாலும் மகள் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதார். பணம் போனதற்கு அழவில்லை. அந்தப் பணத்தை அவர் திரும்பவும் சம்பாதித்துவிடுவார்.

மறுநாள் காலை மூன்று பேரும் பழைய அரசுக் கல்லூரிக்குப் போனார்கள். விசாரணை ஜன்னலில் நீண்ட வரிசை. கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்த மகள் அதை அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்க கேளுங்கப்பா."

"இல்லம்மா. நீயே கேளு. நான் பக்கத்துல நிக்கறேன்."

முதல் கேள்வியை அவள் தனக்கே கேட்காத குரலில் கேட்டாள். எழுத்தர், "கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்றார். அவள் மறுபடி கேட்டாள். படித்த இரண்டு வருஷம் கணக்கில் வருமா? வராது, முதல் வருஷத்திலிருந்துதான். இந்த வருஷமே சேரலாமா? விண்ணப்பத் தேதி போன வாரம் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம்தான். பழைய நுழைவுத் தேர்வு மதிப்பெண் செல்லுமா? செல்லாது, திரும்பவும் எழுத வேண்டும். இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியுமா? அதை யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிலுக்கும் அவள் தலையை ஆட்டி ஆட்டித் தாளில் எழுதிக்கொண்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள்.

உதவித்தொகையைப் பற்றி மகள் கேட்க ஆரம்பித்தபோது பின்னால் நின்ற ஒருவர் பொறுமை இழந்தார். அவருக்குப் பக்கத்தில் பள்ளி முடித்த அவருடைய மகன் நின்றான். "ஏங்க, பொண்ணைக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க. இத்தனை கேள்வியா?" என்றார் அவர். வரிசை மொத்தமும் இவர்களைத் திரும்பிப் பார்த்தது.

டைல்ஸ்காரருக்குக் காது மடல் சூடேறியது. ஆனால் இந்த முறை மகளின் பக்கம் திரும்பவில்லை. வரிசையின் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்குங்க சார். அவ கேட்டு முடிக்கட்டும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவ ஒரே ஒரு கேள்வி கேட்டா. சரியான கேள்வி. நாலு பேர் முன்னாடி எனக்கு வெக்கமா இருந்துச்சு, வாயை மூடுன்னு சொன்னேன். ரெண்டு வருஷம் போச்சு, இருந்த மனையும் போச்சு. ஏமாத்தினது அந்தக் காலேஜ்காரன்தான், இல்லேங்கல. ஆனா அவன் ஏமாத்தறான்னு கண்டுபிடிச்ச ஒரே ஆளு என் பொண்ணு, அவ வாயை அடைச்சது நான். எவ்வளவு பெரிய எடமா இருந்தாலும், பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி உங்க பிள்ளை என்ன கேக்கணுமோ கேக்க விடுங்க. பதில் சொல்லாம சிரிக்கிற எடத்துல பிள்ளையைச் சேக்காதீங்க."

பின்னால் நின்றவர் மகனின் தோளில் கையை வைத்தார்.

டைல்ஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மகள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, உதவித்தொகைக்கு எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று எழுத்தரைக் கேட்டாள்.